பீச்சாங்கைத் தாப்பா

போன வாரம் ரைஃபிள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. வேட்டைத் துப்பாக்கிக்கென்று சொல்லிச் செய்விக்கும், தோட்டாவைப் பூட்டும் பாகமான போல்ட் ஆக்‌ஷன் உசத்தியா, குறி பார்த்துச் சுடும் போட்டித் துப்பாக்கிக்கென்று செய்வது உசத்தியா என்று ஆளாளுக்கு வெளிநாட்டு வீடியோக்களை அனுப்பி முட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குழுவில் இருக்கிறேன். காலையில் ஒரு வணக்கம் போடுவதோடு சரி. திடீரென்று ஒருவர், "குமரேசன் அண்ணனைக் கேளுங்கப்பா, வாழ்நாள் பூரா அதைத்தான கழட்டி மாட்டிக்கினு இருந்தாரு" என்று என்னை உள்ளே இழுத்துவிட்டார். உடனே நாலைந்து பேர், "அண்ணா, எழுதிக் குடுங்க, கிளப் மலர்ல போடலாம்" என்றார்கள். கிளப் மலர் என்றால் முன்னட்டையில் நகைக்கடை விளம்பரம், பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம், நடுவில் தலைவர் கோப்பை வாங்கும் படம். அதற்குள் என் கட்டுரையும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பதில் எனக்குக் கிடைத்த விதம் ஒரு வரியில் அடங்காது. அதில் என் முதலாளி இருக்கிறார், மயிலாப்பூர் டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஒரு டீ கிளாஸும் இருக்கிறது.

நான் வேலை பார்த்தது திருவல்லிக்கேணியில், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில். மேல்மாடி முழுக்க மேன்ஷன். அங்கே தங்கியிருந்த பிரம்மச்சாரிகள் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு மாடிப்படி இறங்குவார்கள், எங்கள் கடை வாசல் வந்ததும் குரலை இறக்கிக்கொள்வார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று உள்ளே போனவன் நான். வேறு வேலை கிடைக்கவே இல்லை, பிறகு தேடவும் இல்லை. அரம் பிடிப்பது, துரு எடுப்பது, எண்ணெய் போடுவது என்று ஆரம்ப வருஷங்கள் போனதை இங்கே விவரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

முதலாளி பெயர் ரஹமத்துல்லா. எங்களுக்கு பாய். குள்ளமான உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதன்மேல் எண்ணெய்க் கறை ஏறிய நீல ஏப்ரன். வேலை நல்லபடி நடக்கும்போது எல்லாரும் அவருக்கு நைனா. கோபம் வந்தால் "வாங்க சார், உக்காருங்க சார்" என்பார். பாய் வாயால் சார் பட்டம் வாங்கியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு வேலை மிகப் பிரமாதமாக அமைந்துவிட்டால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "பரவால்ல" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவர் அகராதியிலேயே கிடையாது.

கடைக்கு இரண்டு சட்டங்கள். முதல் சட்டம், காலி. எந்தத் துப்பாக்கி கை மாறினாலும் கொடுக்கிறவர் அதைத் திறந்து காட்ட வேண்டும். வாங்குகிறவர் குனிந்து உள்ளே பார்த்து, தோட்டா இல்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு, "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொடுக்கிறவர் பிடியை விடுவார். ஒரே மேஜையில் பக்கத்தில் இருப்பவனுக்கு நகர்த்தினாலும் இதுதான். பார்த்தேன் என்று தலையாட்டினால் செல்லாது. பாயே வாங்கினாலும் பாயே சொல்வார்.

இரண்டாவது சட்டம் நான் சேர்ந்த அன்றே எனக்குத் தெரிந்துபோனது. பாய் ஒரு ரைஃபிளைத் திறந்து என்னிடம் நீட்டினார். நானும் ஒழுங்காகப் பார்த்து, "காலி" என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை.

"அது இன்னா கை?"

"எடது கை பாய்."

"அது எனக்கும் தெரியுது. அது இன்னா வேலைக்கு வச்சிக்கிற கை?"

நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சோத்துக்கைய நீட்டு நைனா. ஒருத்தன் லைசன்ஸுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சி வாங்கின சாமான். பீச்சாங்கையால வாங்கினா அவன் மனசு இன்னா ஆவும்?"

சாப்பிடும் கை சோத்துக்கை. மற்றது பீச்சாங்கை, பெயர்க் காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. சென்னையில் பிறந்தவர்களுக்கு வலது, இடது என்ற வார்த்தைகள் வகுப்பறையில்தான் அறிமுகமாகும். கடையில் துப்பாக்கியை வாங்கவும் கொடுக்கவும் சோத்துக்கைதான் முன்னால் போக வேண்டும், மற்றது பின்னால் வந்து தாங்கிக்கொள்ளலாம். திறந்து மூடிச் சோதித்துப் பார்ப்பதும் சோத்துக்கையால்தான். நானோ பிறவியிலேயே இடதுகைக்காரன். வீட்டில் அடித்துத் திருத்திய கேஸ். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலதுகைக்கு மாறியிருந்தது. ஆனால் மேஜையிலிருந்து ஏதாவது உருண்டு விழுந்தால் பிடிக்கப் பாய்வது இன்றைக்கும் இடதுகைதான். கடையில் மிச்சமிருந்த வாலையும் பாய் நறுக்கிவிட்டார்.

தேர்தல் வந்தால் எங்களுக்குத் திருவிழா. உரிமம் வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கோட்டூர்புரம், அடையாறு, கொட்டிவாக்கம் என்று பல திசைகளிலிருந்தும் கார்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நிற்கும். வேட்டை சட்டப்படி முடிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனால் தாத்தா வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கிகள் பீரோக்களில் இருக்கத்தானே செய்கின்றன. அப்படி ஒரு தேர்தலில் தி.நகர் நகைக்கடை அண்ணாச்சி ஒருவர், வாசல் காவலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. துப்பாக்கியை மடக்கித் திறந்து காட்டினார். பாய் குனிந்து குழலுக்குள் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். காலி என்ற வார்த்தை வரவே இல்லை.

"என்ன பாய், தோட்டா கெடக்கா? நாங்க போடவே இல்லியே?" என்று அண்ணாச்சி பதறினார்.

"தோட்டா இல்ல அண்ணாச்சி. உள்ள குடித்தனம் கீது."

குளவி கூடு கட்டியிருந்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு, "இத நம்பியா நான் ராத்திரி தூங்குதேன்?" என்றார். குளவியைக் காலி செய்து நாங்கள் அதைச் சுத்தப்படுத்தியது தனிக் கதை. அந்தக் காவலாளி அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "குடித்தனம் ஏதும் இருக்கா பாய்?" என்று கேட்பார்.

இனி ஆக்‌ஷன் விஷயத்துக்கு வருகிறேன், தம்பிகள் பொறுமை இழந்திருப்பார்கள். தோட்டாவை உள்ளே தள்ளி, இறுகப் பூட்டி, சுட்ட பிறகு வெற்று உறையை வெளியே இழுத்துப் போடும் இரும்பு உருளைதான் போல்ட். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்குகிறோம். கதவுத் தாழ்ப்பாள் செய்யும் அதே வேலை. அதனால் எங்கள் கடையில் அதன் பெயர் தாப்பா. தாப்பா ஓடுகிற இரும்பு உடம்பைக் கூடு என்போம். தாப்பாவும் கூடும் சேர்ந்ததுதான் நீங்கள் சண்டை போடும் ஆக்‌ஷன்.

புதிதாக ஒன்று வந்தால் பாய் அதைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். வைஸ் என்கிற மேஜைப் பிடியில் தோல் வைத்து அலுங்காமல் பிடிப்பார். முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மாடியில் ரேடியோ பாடினால் கடைப் பையன் வேலுவை அனுப்பி நிறுத்தச் சொல்வார். பிறகு சோத்துக்கையின் இரண்டு விரலால் மட்டும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் கடைசிவரை இழுத்து, அங்கே வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். வேட்டைக்குச் செய்த தாப்பா அந்த இடத்தில் லொடலொடவென்று ஆடும். ஆடத்தான் வேண்டும். காட்டில் தூசி விழும், இலைத் துணுக்கு விழும், மழைத் தண்ணீர் இறங்கும். அத்தனைக்கும் இடம் விட்டு, எந்த நிலையிலும் மூட வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. அடியில் பல தோட்டாக்களை அடுக்கி வைக்கக் கூட்டின் வயிற்றைத் திறந்து வேறு விட்டிருப்பார்கள். போட்டித் துப்பாக்கியின் கூட்டில் வயிறு திறந்திருக்காது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால்தான் போட வேண்டும், அதனால் கூடு கெட்டியாக, வளையாமல் இருக்கும். அதன் தாப்பா பின்னால் இழுத்தாலும் ஆடாது, வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்காரும். ஒரு தலைமுடி உள்ளே விழுந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

எது உசத்தி என்று நானும் ஒருமுறை பாயிடம் கேட்டிருக்கிறேன்.

"வேட்டைத் தாப்பா அம்மா வூடு நைனா. எப்படிப் போய் நின்னாலும் உள்ள வுடும். போட்டித் தாப்பா மாமியார் வூடு. வாசல்ல செருப்ப நேரா வுட்டாதான் மருவாதி."

பாய் கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில்தான் குடியிருந்தார் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வைதேகி டீச்சர் எங்களிடம் வந்தது கொரோனாவுக்குச் சில வருஷம் முன்னால். மயிலாப்பூரில் வீடு, அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. காலையில் கிளப்பில் படுத்த நிலையில் ஐம்பது மீட்டர் சுட்டுவிட்டு, அப்படியே பள்ளிக்குப் போய்விடுவார். இடதுகைக்காரர். கிளப்பில் அவருக்குக் கிடைத்தது வேட்டை வகையைச் சேர்ந்த ஒரு பழைய ரைஃபிள், அதன் கைப்பிடி எல்லாத் துப்பாக்கியையும் போல வலப்பக்கம். ஒவ்வொரு முறை சுட்டதும் இடதுகையைத் துப்பாக்கிக்கு மேலே தூக்கி மறுபக்கம் எட்டித் திறப்பார். அப்படிச் சுட்டே மாநில அணியின் வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பியிருந்தார். கடைசியில் வெளிநாட்டில் ஒரு பட்டறையில் தன் கைக்கென்றே, இடப்பக்கம் கைப்பிடி வைத்து, போட்டி ஆக்‌ஷன் ஒன்று செய்யச் சொன்னார். அனுமதிக் காகிதங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து அது வந்து சேர்வதற்குள் அவருக்கு முடி நரைத்தது என்று அவரே சொல்வார். துப்பாக்கியின் மரக்கட்டையில் அதைப் பொருத்தி உட்கார வைப்பதுதான் எங்கள் வேலை. பீச்சாங்கைத் தாப்பா எங்கள் கடைக்குள் வந்தது அதுவே முதல் தடவை. பாய் கண்ணை மூடிச் சோதித்துவிட்டு, இரண்டு முறை "பரவால்ல" என்றார். வேலு என்னைக் கிள்ளினான்.

கொஞ்ச நாளில் டீச்சர் திரும்பி வந்தார்.

"பாய், சில சமயம் பின்னால இழுக்கறச்சே நடுவுல பிடிக்கறது. எப்பவும் இல்லை. நாலு ஷாட் ஒழுங்கா போறது, அஞ்சாவதுக்குச் சிக்கிண்டுடறது. அதை வெடுக்குன்னு இழுத்தா படுத்துண்டிருக்கற நிலையே கலைஞ்சு போறது. அடுத்த குண்டு எங்கேயோ போறது."

"இங்க செஞ்சி காட்டுங்க மேடம்."

மேஜையில் வைத்து அவரே திறந்து மூடினார். சிக்கவில்லை. காய்ச்சல் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனால் காய்ச்சல் ஓடிப்போகுமே, அந்த மாதிரி. பாய் திறந்தார், நான் திறந்தேன், வேலு திறந்தான், மூவருக்கும் வெண்ணெய்தான். கழற்றித் துடைத்து, எண்ணெய் மாற்றி அனுப்பினோம். மறுபடி வந்தார். கட்டையில் திருகு இறுகியிருக்கிறதோ என்று பார்த்தோம், குழலைப் பார்த்தோம், தோட்டாவையே மாற்றச் சொன்னோம். கடையில் இருக்கிறவரை அந்தத் தாப்பா பரம சாது.

அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாவது தடவையாக வந்தார். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தார், புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள். எல்லாரும் ஒரு சுற்றுத் திறந்து மூடினோம். பாய் மிகவும் மரியாதையாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், சாமான்ல கொறை ஒண்ணும் தெரியல. கைதான் இன்னும் கொஞ்சம் பழகணுமோ என்னவோ."

டீச்சர் தலைப்பில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார். பிறகு பேசியபோது குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

"ஸ்லேட்டுல எழுதினா அடி. பந்தியில பரிமாறினா திட்டு. மஞ்சள் குங்குமம் கொடுத்தா மூஞ்சியைத் திருப்பிப்பா. எங்காத்துல எல்லாரும் சின்ன வயசுலேர்ந்து ஒன் கைதான் தப்பு, ஒன் கைதான் தப்புன்னு சொல்லிண்டே இருந்தா. ஒலகத்துலயே என் கைக்குன்னு பண்ணினது இந்தத் துப்பாக்கி ஒண்ணுதான் பாய். இதுவும் அதையே சொல்றதுன்னா நான் என்ன பண்ண? இங்கேயே இருக்கட்டும். யாராவது கேட்டா முறைப்படி வித்துடலாம். தேர்வுக்கும் நான் போகலை. அடுத்த வருஷம் பொண்ணு பத்தாவது. போதும்."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்ன அடி, திட்டு எல்லாமே என் கை வாங்கியவைதான். பாய் டீ வரவழைத்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் எல்லாருக்கும் டீ வரும்.

வைஸில் டீச்சரின் துப்பாக்கி திறந்தபடி இருந்தது. நான் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றேன். சூடான டீ, விளிம்புவரை நிறைந்த கிளாஸ், சோத்துக்கையில் ஜாக்கிரதையாகப் பிடித்திருந்தேன். யோசனை எங்கோ இருந்தது. சும்மா நின்ற இடதுகை தானாகப் போய்த் தாப்பாவை மூடி, திரும்ப இழுத்தது. கடக்கென்று நடுவில் நின்றுவிட்டது.

பாய் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ல பாய்."

"பண்ண. திரும்பப் பண்ணு."

பயத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சோத்துக்கையால் முறைப்படி மூடி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தரம் இழுத்தேன், அதேதான். பாய் என்னையும் தாப்பாவையும் மேஜைமேல் இருந்த டீயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீய எடு."

"பாய்?"

"டீய எடுறான்றேன். முன்னாடி எப்படி நின்னுக்கினு இருந்தியோ அப்டியே நில்லு. இப்ப பண்ணு."

டீயை எடுத்தேன். இடதுகையால் இழுத்தேன். கடக். வேலு வாயைப் பிளந்தான்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. நம்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை. சோத்துக்கையை ஏப்ரன் பைக்குள் விட்டு வைத்துக்கொண்டார், தவறிக்கூட உதவிக்கு வந்துவிடக் கூடாது என்பது போல. கண்ணை மூடிக்கொண்டு, என் கண் பார்க்க முதல்முறையாக, இடதுகையின் இரண்டு விரலால் ஒரு தாப்பாவை இழுத்தார். சிக்கியது. கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

விஷயம் இவ்வளவுதான். கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது. அதை வலதுகைக்காரன் மேலே எட்டிப் பிடித்து இழுத்தால், தன்னை அறியாமல் தன் பக்கம், அதாவது வலப்பக்கம் சாய்த்து இழுப்பான். இடதுகைக்காரர் இழுத்தால் தாப்பா இடப்பக்கம் சாயும், கை அசந்து முழங்கை விலக விலக இன்னும் சாயும். கூட்டின் உள்ளே இடப்பக்கச் சுவரில், வெளிச்சம் படாத மூலையில், கடைந்தபோது விட்டுப்போன முள்போல ஒரு சின்ன இரும்புப் பிசிறு இருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரிந்தது. வேட்டைத் தாப்பாவாக இருந்தால் அந்த முள்ளை லட்சியமே செய்திருக்காது, அதற்குத்தான் இடைவெளி தாராளமாக இருக்கிறதே. இது மாமியார் வீடு. அன்று சாயங்காலமே பாய் வேறு யாரையும் தொடவிடாமல் அந்த முள்ளைத் தானே தேய்த்து எடுத்தார்.

மிச்சம் ஒரு சந்தேகம் இருந்தது. நாங்கள்தான் சோத்துக்கைக்காரர்கள், டீச்சர் கடையில் திறந்து காட்டியபோது ஏன் சிக்கவில்லை? பாய் போனில் அதைத்தான் முதலில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மேடம், நம்ம கடையில தொறந்து காட்டினீங்களே, எந்தக் கையால தொறந்தீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு "ஐயோ" வந்தது.

"வலது கையாலதான் பாய். நீங்க வயசுல பெரியவா. ஒங்க எதிர்ல எப்படி இடது கையை நீட்டறதுன்னு..."

கடையில் நாங்கள் மரியாதையாக வலதுகையால் சோதித்தோம். அவரும் மரியாதையாக வலதுகையால் காட்டினார். நாலு பேர் மரியாதையும் சேர்ந்து ஒரு முள்ளை மறைத்துவிட்டது. வேலு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். பாய் மட்டும் சிரிக்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "மேடம், உங்க கையில தப்பில்ல. எங்க கையிலதான் தப்பு. நாளைக்கே வந்து எடுத்துக்கினு போங்க, தேர்வுக்குப் போங்க" என்றார். பாய் ஒரு தவறுக்கு இப்படி நேராகத் தலைகொடுத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் டீச்சர் வந்தார். பாய் துப்பாக்கியைத் திறந்து நீட்டினார். டீச்சர் குனிந்து பார்த்து, "காலி" என்று சொல்லி வலதுகையை நீட்டினார். பாய் பிடியை விடவில்லை. எனக்கு என் முதல் நாள் ஞாபகம் வந்தது.

"அந்தக் கை இல்ல மேடம்," என்றார் பாய்.

டீச்சர் ஒரு நிமிஷம் தயங்கி, கடையில் முதல் தடவையாக இடதுகையை நீட்டினார். பாய் கொடுத்தார். அங்கேயே நின்றபடி அவர் தன் கையால் தாப்பாவை இழுத்து இழுத்து மூடினார். ஒவ்வொரு தடவையும் அது ஓடி வந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தேர்வில் அவர் முதலாவதாக வரவில்லை. அணியின் கடைசி இடம் கிடைத்தது, அதற்கே எங்கள் சந்து முழுக்க இனிப்பு கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கடையில் மூன்றாவது சட்டம் வந்தது. எந்தத் தாப்பாவானாலும் சோத்துக்கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று இடதுகையால் இழுத்துப் பார்க்க வேண்டும். டீ டெஸ்ட் என்று பெயர். இப்போது அங்கே வேலை பார்க்கும் பசங்கள் அதை வெளிநாட்டு முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே தம்பிகளே, அம்மா வீடா மாமியார் வீடா என்று சண்டை போடுவதற்கு முன்னால், வாசலில் நிற்பது எந்தக் கை என்று கேளுங்கள். ஒரு வரிப் பதில் அதுதான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நான் ஓய்வு பெற்ற மறுவாரம் பாயைப் பார்க்கப் போனதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து கடைக்கு வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. வீடு வாலாஜா மசூதிப் பக்கம். கதவைத் திறந்த மகள் தாழ்ந்த குரலில், "யார் வந்தாலும் உள்ள போய்ப் படுத்துக்கிறாரு மாமா. கல்யாணம் காட்சிக்கும் வரமாட்டேன்றாரு. வலது கை வர்ல. மத்த கையால சாப்பிடுறத யாரும் பாக்கக் கூடாதாம்" என்றாள்.

பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. சோத்துக்கை மடியில் தூங்குவது போல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அதை மற்ற கையால் போர்வைக்குள் தள்ளினார். அவர் கடையைப் பற்றிக் கேட்டார், நான் பதில் சொன்னேன், இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் தட்டில் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வந்தவனுக்கு வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அது பாய் வீட்டு வழக்கம். அவர் இடதுகை கிளாஸ்வரை போனது, பிறகு திரும்பி வந்துவிட்டது. முகம் சிறுத்துப்போனது. என்னைச் சார் என்று கூப்பிட்ட நாட்களில்கூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நான் என் சோத்துக்கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். இடதுகையை நீட்டி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் அந்தக் கையையே பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

"இன்னா நைனா, டீ டெஸ்ட்டா?"

"ஆமா பாய்."

இடதுகையால் கிளாஸை எடுத்து என் இடதுகையில் கொடுத்தார். தன் கிளாஸையும் அதே கையால் எடுத்தார். இரண்டு பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. வேலு, டீச்சர், அண்ணாச்சியின் குளவி என்று சுற்றி வந்தோம். குடித்து முடித்ததும் என் கிளாஸை அவர் பக்கம் சாய்த்து, உள்பக்கம் தெரிகிற மாதிரி நீட்டினேன்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார்.

"காலி," என்று சொல்லி, இடதுகையை நீட்டி வாங்கிக்கொண்டார்.